பேர் கேட்காத பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

பழைய நோட்டு மேல வீட்டுக்காரவுக கிரீஸ் டப்பாவைக் கொண்டு வச்சுட்டாவ. அதனால புது நோட்டு. திட்ட வேண்டியதைத் திட்டியாச்சு.

காலையில அஞ்சரைக்கே பெட்டி சண்டித்தனம். ஒரே கடிதம் ரெண்டு தடவை போய்ச் சேருதுன்னு காயல்பட்டினத்துல இருந்து நஸீமா செய்தி போட்டிருந்தா. பெட்டின்னா பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்லை, பீரோ மேல உட்கார்ந்திருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர். நானும் நஸீமாவும் வேலூர் சேவியரும் சேர்ந்து நடத்துற ‘பேர் வேண்டாம்’ இணையப் பக்கம் அதுலதான் ஓடுது. யார் வேணும்னாலும் அதுல கடிதம் எழுதலாம், யாருக்கு வேணும்னாலும் அனுப்பச் சொல்லலாம். எழுதினது யாரு, எந்த ஊருன்னு பெட்டி கேட்காது, எழுதியும் வைக்காது. பன்னிரண்டு கடிதம் சேருற வரைக்கும் காத்திருந்து, சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுட்டு மொத்தமா அனுப்பிரும். எது எப்ப வந்துதுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. ஆறு வருஷமா இப்படித்தான் ஓடுது.

கோளாறு எங்கன்னு பார்க்க லாக்கைப் போட்டுவிட்டேன். எந்தக் கடிதம் எந்த இணைப்புல இருந்து எத்தனை மணிக்கு வந்துதுன்னு வரிசையா எழுதிக்கிட்டே போற ஃபைல் அது. எப்பவும் அணைச்சேதான் வச்சிருப்போம், இன்னைக்கு வேற வழியில்லை. பத்து நிமிஷத்துல கோளாறு தெரிஞ்சுபோச்சு, சரி பண்ணிட்டேன். அதுக்குள்ள பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திட்டு. விழுந்தடிச்சு ஓடினேன்.

ஜூன் 5, வியாழன்

பத்திர ஆபீஸ்ல இன்னைக்கு நாலு கிரையம் டைப் பண்ணினேன். பேர், அப்பா பேர், தாத்தா பேர், கதவு எண், கைரேகை, ரெண்டு சாட்சி. ஒரு எழுத்து மாறினாலும் ஆவுடையப்பன் சார் குதிப்பார். பகல் பூரா ஊரார் பேரை அடிச்சு அடிச்சு விரல் தேயுது, வீட்டுக்கு வந்தா பேரே வேண்டாம்னு ஒரு கடை விரிச்சு வச்சிருக்கேன்.

சார் இன்னைக்கும் கேட்டார், “ஏம்மா முப்பிடாதி, அஞ்சு பைசா வராத வேலையை எதுக்கும்மா இழுத்துப் போட்டுச் செய்யுதே?” பொழுது போகணும்லா சார்னேன். போன மாசம் இவுக கேட்டதுக்கு, “ஒங்களுக்கு கேரம் போர்டு, எனக்கு இது”ன்னேன். சேவியர் ஒரு தடவை கேட்டப்ப, டீச்சர் டிரெய்னிங்கைத்தான் பாதியில விட்டேன், கம்ப்யூட்டர் படிச்சதாவது உபயோகப்படட்டுமேன்னு சொன்னேன். ஏன் பாதியில விட்டீங்கன்னார். மஞ்சக்காமாலை.

ஜூன் 8, ஞாயிறு

பெட்டியில அஞ்சு கடிதம்தான் கிடந்துது. பன்னிரண்டு சேராம நகராது. பாவம், அந்த அஞ்சுல எது அவசரமோ. அதனால மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு மூணா சும்மாக் கடிதம் எழுதினோம்.

இது எங்க வழக்கம். கூட்டம் இல்லைன்னா ஒளிய முடியாது. தெருவுல ஒருத்தி மட்டும் முகத்தை மூடிட்டுப் போனா எல்லாரும் அவளைத்தானே பார்ப்பாங்க. அதனால நிஜக் கடிதத்துக்குத் துணையா, ஒண்ணுமே இல்லாத கடிதங்களை நாங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிடுவோம். நஸீமா நோன்புக் கஞ்சி வைக்கிற பக்குவத்தை ரெண்டு பக்கம் எழுதியிருந்தா. சேவியர் அவரோட பூனைக்கு வயித்துப்போக்குன்னு எழுதியிருந்தார், அதுவும் விலாவாரியா. நான் இவுக குறட்டையைப் பத்தி எழுதினேன்.

சாயங்காலம் பெட்டி நிறைஞ்சு, எல்லாம் கிளம்பிப் போச்சு.

ஜூன் 11, புதன்

சாரல் பிடிச்சுட்டு. துணி காயலை.

ஜூன் 19, வியாழன்

அண்ணன் வந்தான். வேலை நாள்ல உச்சிமாகாளி அண்ணன் என் வீட்டுப் படி ஏறுறதாவது! நர்சிங் காலேஜ் ஆபீஸ் சூப்பரண்டு, பத்து மணிக்கு சீட்டுல இல்லைன்னா காலேஜே நின்னுபோகும்னு நினைக்கிற ஆள்.

காபியைக் கையில வச்சுக்கிட்டே இருந்தான், குடிக்கலை. அப்புறம் சொன்னான். அவன் காலேஜ்ல கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை எவளோ மேலிடத்துக்குக் கடிதம் எழுதிட்டாளாம். படிக்க வந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரி வார்டுல சம்பளமில்லாத நர்ஸா நிறுத்துதாங்க, முப்பது கட்டிலுக்கு ஒரு பிள்ளை, முடியாதுன்னு சொன்னா ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தரமாட்டோம்னு மிரட்டுதாங்கன்னு. மேலிடம் விளக்கம் கேட்டு அந்தக் கடிதத்தையே காலேஜுக்கு அனுப்பியிருக்கு. கடிதத்துக்கு அடியில எங்க ‘பேர் வேண்டாம்’ பக்கத்தோட விலாசம். பக்கத்தைத் திறந்தா என் பேர்.

எழுதுறவங்க பேர்தான் மறைஞ்சிருக்கணும், நடத்துறவங்க பேர் எல்லாருக்கும் தெரியணும்னு ஆரம்பத்துலயே நாங்க பேசி வச்சது அது.

“தாளாளர் கூப்பிட்டு, ஒம்ம தங்கச்சிதானவேன்னு கேக்காரு,” ன்னான். “நா பேரக் கேக்கலைட்டி. இந்த மாசம் பத்தாந்தேதி மேலிடத்துக்குப் போய்ச் சேந்துருக்கு, அதுக்கு முன்னால ஒன் பெட்டிக்கு என்னைக்கு, எத்தனை மணிக்கு வந்துதுன்னு மட்டும் சொல்லு. காலேஜ் வைஃபைல யாரு எப்ப இருந்தான்னு அங்க பதிஞ்சிருக்கு. மிச்சத்த அவுக பாத்துக்கிடுவாவ.”

“பாத்து என்ன செய்வாவ?”

“அடுத்த மாசம் பதினாலாந்தேதி பரீட்சை. அவளுக்கு மட்டும் ஹால் டிக்கெட் வராது. வேற என்ன.”

வேற என்னவாம்! நாலு வருஷப் படிப்பு. எனக்கு உச்சியில ஏறிட்டு. “எங்க பெட்டி எதையும் எழுதி வைக்காது. ஒண்ணும் கெடையாது, போ” ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம் இருக்குட்டின்னு வாசல்ல நின்னு சொன்னான். பார்க்கப் பாவமாத்தான் இருந்துது.

ஜூன் 20, வெள்ளி

நாசமாப் போச்சு.

பெட்டியில இடம் குறையுதேன்னு பார்த்தா, லாக் ஓடிக்கிட்டிருக்கு. மூணாந்தேதி போட்டவ அணைக்கவே இல்லை. பால் பொங்கிச்சுன்னு ஓடினேன்லா, அதோட போச்சு. பதினேழு நாள். வந்த ஒவ்வொரு கடிதமும் மணி, நிமிஷம், வினாடியோட உட்கார்ந்திருக்கு. அந்தப் பிள்ளை கடிதமும் இதுக்குள்ளதான்.

கூறுகெட்டவளே, கூறுகெட்டவளே. எதையும் எழுதி வைக்கமாட்டோம்னு பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டுட்டு. அண்ணன் முகத்தைப் பார்த்துக் கிடையாதுன்னு வேற சொன்னேனே.

அணைச்சேன். ஃபைல் அப்படியே இருக்கு. சோறு இறங்கலை. என்னாச்சுன்னு இவுக கேட்டதுக்கு வயிறு சரியில்லைன்னேன்.

ஜூன் 21, சனி

ஃபைலை நான் திறக்கலை. ஆனா உடனே அழிக்கவும் இல்லை. அது ஏன்னு இந்த நோட்டுல எழுதத்தான் வேணும், வேற யார்கிட்ட சொல்ல.

அண்ணன் என்னை வளர்த்தவன். அப்பா போனப்ப எனக்குப் பதினொண்ணு, அவனுக்குப் பத்தொன்பது. அவன் படிப்பை விட்டுட்டு என்னைப் படிக்க வச்சான். தனக்குன்னு அவன் எங்கிட்ட கேட்டது இதுவரைக்கும் ஒண்ணும் இல்லை. இப்ப ஒரு மணிக்கணக்கு கேக்கான். பேர் கூட இல்லை. ஒரு வரி பார்த்துச் சொன்னா அவன் வேலை நிலைக்கும். யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு அரை நாள் நினைச்சேன். நினைச்சேன்னுதான் எழுதுறேன், மறைக்கலை.

எனக்கு மஞ்சக்காமாலை ஒண்ணும் வரலை.

டிரெய்னிங்ல ரெண்டாம் வருஷம். எங்க பிரின்சிபால் வீட்டுல துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க, முறை போட்டு எங்களை அனுப்புவாங்க. போகாதவளுக்குச் செய்முறை மார்க் கிடையாது. நான் மேலிடத்துக்கு எழுதினேன். அழகான கையெழுத்துல, பேர், அப்பா பேர், பதிவு எண் எல்லாம் போட்டு. உண்மையைச் சொல்லுறவ எதுக்கு மறைக்கணும்னு ஒரு திமிர். ஆறே நாள்ல அந்தக் கடிதம் பிரின்சிபால் மேசைக்கு வந்துட்டு. அண்ணனைக் கூப்பிட்டு விட்டாங்க. அவன் வந்தான், படிப்பு முக்கியம்ட்டின்னான், என் கையைப் பிடிச்சு ஹாலுக்குள்ள கூட்டிட்டுப் போனான். எழுபது பிள்ளைங்களுக்கு முன்னால நான் எழுதினதெல்லாம் பொய், மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். மூணு தடவை சொல்லச் சொன்னாங்க. அப்புறமும் வெளிய அனுப்பிட்டாங்க.

முப்பது வருஷம் ஆச்சு. அண்ணனும் நானும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை.

பதினொரு மணிக்கு ஃபைலை அழிச்சேன். திரும்ப எடுக்க முடியாதபடி அந்த இடத்து மேல நாலு தடவை வேற எழுதி அழிச்சேன். அப்புறம்தான் குளிச்சேன்.

ஜூன் 22, ஞாயிறு

நஸீமாவுக்கும் சேவியருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

சேவியர்தான் முதல்ல, “அழிச்சாச்சுல்ல, விடுங்க. வெளிய சொன்னா ஒருத்தனும் நம்ம பக்கம் வரமாட்டான்” ன்னார். நஸீமா ஒத்துக்கலை. “அக்கா, அவங்க நம்மளை நம்பித்தானே எழுதினாங்க. பதினேழு நாள் காவல் இல்லாம நின்னோம்னு அவங்களுக்குத் தெரியவேணாமா? நாளைக்கு வேற யார் மூலமாவது தெரிஞ்சா?”

அவ சொன்னதுதான் சரி. சொல்லாம இருந்தா, கிடையாதுன்னு அண்ணன்கிட்ட சொன்ன பொய்யும் பொய்யாவே நின்னுரும். பக்கத்தோட தலைப்புலயே போட்டுட்டேன்:

“ஜூன் 3 முதல் 20 வரை, என் கவனக்குறைவால் கடிதங்கள் வந்த நேரமும் இணைப்பும் பதிவாகிக்கொண்டிருந்தன. அந்தப் பதிவை, கோளாறு பார்த்த முதல் பத்து நிமிடம் தவிர, யாரும் படிக்கவில்லை; யாருக்கும் கொடுக்கவில்லை. அழித்துவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தப்பு என்னுடையது. – முப்பிடாதி, தென்காசி.”

போட்டுட்டு மொட்டை மாடியில போய் உட்கார்ந்தேன். இவுக மேல வந்து என்னன்னு கேட்டாவ. இந்தத் தடவை எல்லாத்தையும் சொன்னேன், பழைய கதை உட்பட. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. இவுக கேட்டு முடிச்சதும், “நான் போய் டீ போடுதேன்” ன்னாவ. இவுக டீ போட்டு நான் பார்த்ததே இல்லை. வாயில வைக்க முடியலை, ஆனாலும் மிச்சம் வைக்காம குடிச்சேன்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணன் செருப்பைக் கூடக் கழட்டலை.

“இல்லைன்னு சொன்னியே! இருந்துருக்கு!”

“இருந்துது. எனக்கே தெரியாது. தெரிஞ்சதும் அழிச்சுட்டேன்.”

“பாத்துட்டா அழிச்சே?”

“பாக்கலை.”

“பாக்காம அழிச்சியா? தாளாளர் அந்த நோட்டீஸ என் மொகத்துக்கு நேரா நீட்டுதாரு. நா தலையத் தொங்கப் போட்டு நிக்கேன். கூடப் பொறந்தவன விட எவளோ ஒருத்தி ஒனக்குப் பெருசாட்டி?”

எனக்கு அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துட்டு. “அன்னைக்கு அந்த ஒருத்தி நான்லா!” ன்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்னுது. “எழுபது பேருக்கு முன்னால நின்னவ நான்லா! அவளையும் கூட்டிட்டுப் போயி நிறுத்தணுமா ஒனக்கு?”

அண்ணன் என்னைப் பார்த்தான். படி இறங்கிப் போயிட்டான். குடையை விட்டுட்டு சாரல்லயே நனைஞ்சு போறான். நான் கூப்பிடலை.

ஜூன் 26, வியாழன்

பெட்டி காலி. நாலு நாளா ஒரு கடிதம் வரலை. சேவியர் சொன்னது நடந்துட்டு.

ஜூன் 28, சனி

இன்னைக்கும் இல்லை. மதினி போன் பண்ணினா. அண்ணன் சரியாச் சாப்பிடலையாம், ஆபீஸ்ல இருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடுதானாம். என்னட்டி சண்டைன்னு கேட்டா. ஒண்ணும் இல்லை மதினின்னேன். மூடிரலாமான்னு நஸீமாகிட்ட கேட்டேன். “மூடுங்க, ஆனா எனக்குக் கஞ்சிக் கடிதம் எழுத வேற இடம் பார்த்துக் கொடுத்துட்டு மூடுங்க” ன்னா. அந்தப் பிள்ளைக்கு வாய் ரொம்ப நீளம்.

ஜூன் 30, திங்கள்

காலையில ஒரு கடிதம் வந்து கிடந்துது. மதியம் மூணு. சாயங்காலம் பார்த்தா பத்தொன்பது! எங்க மூணு பேர் பேர்ல வந்ததை மட்டும்தான் நாங்க படிக்க முடியும். அதுல ஒண்ணு: “தப்பைத் தானா ஒத்துக்கிட்ட பெட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு எழுத ஒண்ணும் இல்லை. கூட்டத்துக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க, வந்தேன். எங்க வீட்டுல இன்னைக்குப் புளிக்குழம்பு.” இன்னொண்ணுல வெறும் பெருக்கல் வாய்ப்பாடு, பதினாறு வரைக்கும்.

யாரோ, எந்த ஊரோ. முகம் தெரியாத ஒருத்திக்குத் துணைக்கு நிக்கணும்னு வாய்ப்பாடு எழுதி அனுப்புதாங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து போன்ல படிச்சுச் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆவுடையப்பன் சார் கிரையப் பத்திரத்துல என்னம்மா சிரிப்புன்னார்.

ஜூலை 2, புதன்

அண்ணன் போன். எட்டு நாள் கழிச்சு. நல்லாருக்கியான்னு கேட்டான், இருக்கேன்னேன். குடை ஒங்கிட்டயா இருக்குன்னான், இருக்குன்னேன். வைக்கப்போறான்னு நினைச்சேன், வைக்கலை.

“ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒன் பெட்டியில ஒரு கடுதாசி போட்டா எத்தன நாள்ல போவும்?”

“பன்னிரண்டு சேந்ததும் போயிரும். இப்பக் கூட்டம் இருக்கு, அன்னன்னைக்கே போவுது.”

“கூட படம், லிஸ்ட்டு ஏதும் வைக்கலாமா?”

“வைக்கலாம்.”

“அந்த லாக்கு...”

“அணைச்சாச்சு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாக்கேன்.”

“சரி. சும்மாத்தான் கேட்டேன்” ன்னு வச்சுட்டான்.

இன்னைக்கு மட்டும் மூணு தடவை போய்ப் பார்த்தேன், அணைஞ்சேதான் இருக்கு.

ஜூலை 9, புதன்

ஊரே பேசுது. நர்சிங் காலேஜுக்கு முன்னறிவிப்பு இல்லாம மேலிடத்துல இருந்து நாலு பேர் வந்து இறங்கியிருக்காங்க. கையில ஒரு லிஸ்ட். எந்தத் தேதி, எந்த வார்டு, எந்தப் பதிவு எண் உள்ள பிள்ளை தனியா நின்னுது, யார் யார் சர்டிபிகேட் எந்த பீரோவுல எந்தத் தட்டுல பூட்டிக் கிடக்குன்னு ஒண்ணு விடாம அதுல இருந்துதாம். நேரா அந்த பீரோவுக்குப் போய், திறன்னாங்களாம். வார்டு வேலை அன்னைக்கே நின்னுட்டு. சர்டிபிகேட் எல்லாத்தையும் அவங்க முன்னாலயே பிள்ளைங்க கையில கொடுக்க வச்சிருக்காங்க.

பஸ்ல எனக்கு முன்சீட்டுல இருந்த அம்மா சொல்லுதா, “ஆபீஸுக்குள்ள இருக்கிற ஆளு எழுதாம இவ்வளவு வெவரம் வராதுல்லா.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணன் வந்தான். ஒரு பை மங்குஸ்தான் பழம். செருப்பை ஒழுங்காக் கழட்டி வச்சுட்டு உள்ள வந்தான். மீன்குழம்பு வச்சிருந்தேன், ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். இவுக சாப்பிட்ட கையோட கேரம் போர்டு ஆடக் கிளம்பிட்டாவ, வேணும்னேதான்.

“காலேஜ்ல எல்லாம் எப்படி இருக்கு?” ன்னேன்.

“யாரோ எழுதிப்போட்டுட்டாவ.” தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னான். “நாலு நாளா ஆபீஸ்ல எல்லாரும் எல்லார் மொகத்தையும் பாக்காவ. தாளாளரு எங்கிட்டயும் கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கென்ன தெரியும்னேன்.”

நான் அதுக்கு மேல கேட்கலை. கேட்கவும் மாட்டேன். பெட்டியைப் போய்ப் பார்த்தாலும் எனக்குத் தெரியாது, நான்தானே அப்படிக் கட்டி வச்சிருக்கேன். அவன் தட்டுல இன்னொரு துண்டு மீன் வச்சேன்.

கை கழுவிட்டு வந்து உட்கார்ந்தவன் பழத்தை ஒவ்வொண்ணா உரிச்சு என் பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தான், சின்ன வயசுல செய்யிற மாதிரி. அப்புறம் தலை நிமிராம சொன்னான்:

“அன்னைக்கு ஒன்னைய ஹாலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கப்படாதுட்டி. வெளிய கூட்டிட்டு வந்திருக்கணும். நீ எழுதுனது அத்தனையும் நெசம்னு எனக்குத் தெரியும். எம் பயத்துக்கு ஒன்னையப் பொய் சொல்ல வச்சுட்டேன்.”

அழுதேன். அவனும் அழுதான். அறுபதைத் தொடப்போற ஆம்பளை, என் சமையல்கட்டுல உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுதான். “ஆமா, தப்புதான். தப்புதான்ணே,” ன்னு சொன்னேன். பரவால்லைன்னு சொல்ல வாய் வரலை, அது பொய்யா இருக்கும். ஆனா சொன்னதும் நெஞ்சு லேசாப் போச்சு. ரெண்டு பேரும் மிச்சப் பழத்தையும் தின்னு தீர்த்தோம்.

ஜூலை 14, திங்கள்

ஆவுடையப்பன் சார்கிட்ட ஒரு மணி நேரம் பர்மிஷன். என்ன விஷயம்மான்னார். பரீட்சைன்னேன். யாருக்குன்னார். தெரியாது சார்னேன். அவர் பேனாவை மூடாமயே என்னைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

பரீட்சை நடக்கிற இடத்துக்கு எதிர்த்தாப்புல ஜூஸ் கடையில நின்னேன். ஒன்பதரைக்கு காலேஜ் பஸ் வந்துது. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைங்க இறங்கி இறங்கி வாராங்க. ஒருத்தி கடைசி நேரத்துலயும் புத்தகத்தைப் புரட்டுதா, ஒருத்தி பேனா கேட்டு எல்லாரையும் நச்சரிக்கா, ரெண்டு பேர் எதுக்கோ விழுந்து விழுந்து சிரிக்காளுவ. இவளா இருக்குமோன்னு நான் தேடலை. சரி, முதல் ரெண்டு மூணு பேரைத் தேடினேன். அப்புறம் விட்டுட்டேன், எல்லாரையும் பார்த்துச் சிரிச்சேன். இந்தம்மாவுக்கு என்ன கோளாறோன்னு நினைச்சிருப்பாளுவ.

கேட்டுப் பக்கத்துல அண்ணன் கையில லிஸ்ட் வச்சுக்கிட்டு நின்னான், ஒவ்வொரு பிள்ளையா ஹால் டிக்கெட் பார்த்து உள்ள விட்டுக்கிட்டு. கடைசிப் பிள்ளை போனதும் போனை எடுத்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் போன் அடிச்சுது.

“நாப்பத்தொண்ணும் உள்ள போயிட்டுட்டி,” ன்னான். “ஒருத்தி கொறையலை.”

அவ யாருன்னு எனக்குத் தெரியாது. நல்லா எழுதட்டும் தாயி.